பேச்சு போனால் அறிவும் போய்விடுமா? பக்கவாதத்தில் மொழியை இழந்தவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவர் பாபநாசம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் 30 வருடம் கணக்கு எழுதியவர். ஒரு தை மாதக் காலையில் கையிலிருந்த காபி டபரா நழுவி விழுந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு நின்றது. 9 வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி அறை வாசலிலும், பிசியோதெரபி வரிசையிலும், கோயில் பிராகாரத்திலும், துக்க வீட்டில்கூட, ஒரே சந்தேகங்களைப் பலர் வாயால் கேட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, மருத்துவர் இல்லை. நரம்பியல் மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் எனக்குப் புரியவைத்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"பேச்சு போச்சுங்கறீங்க. நாக்குல என்ன கோளாறு?"

பெரும்பாலும் நாக்கில் கோளாறே இருக்காது. நினைத்ததற்கு வார்த்தை தேடி, வரிசைப்படுத்தி, வாய்க்கு அனுப்புவது மூளை. அந்த இடத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வார்த்தை அகப்படாமல் போகிறது. இதற்கு அஃபேசியா என்று பெயர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கும், மூளையில் கட்டி வந்தவர்களுக்கும், மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கும் வரலாம்.

வாய்த் தசை தளர்ந்து பேச்சு குழறுவது வேறு. அதை டிஸ்ஆர்த்ரியா என்பார்கள். குழறுகிறவர் மனதில் வாக்கியம் முழுசாக இருக்கிறது. பேனா கொடுத்தால் எழுதிவிடுவார். அஃபேசியா வந்தவருக்குச் சிக்கல் அதற்கு முந்தின படியிலேயே. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. எது எவ்வளவு என்று பேச்சுப் பயிற்சியாளர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

"வலது கை, வலது கால் வராதவங்களுக்குத்தான் பேச்சும் போகுது. அது ஏன்?"

உடம்பின் வலது பக்கத்தை ஆள்வது மூளையின் இடது பாதி. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் மொழியும் அந்த இடது பாதியில்தான் இருக்கிறது. இடக்கைப் பழக்கக்காரர்களிலும் 10-க்கு 7 பேருக்கு அப்படித்தான். கையை அசைக்கும் பகுதியும் மொழிப் பகுதியும் வரப்பை ஒட்டிய இரண்டு வயல் மாதிரி. ஒரே பெரிய ரத்தக்குழாயிலிருந்து பிரியும் வாய்க்கால்கள்தான் இரண்டுக்கும் பாய்கின்றன. தலைமடையில் அடைத்தால் இரண்டும் காயும். கிளை வாய்க்கால் ஒன்று மட்டும் அடைத்தால் கை கால் நன்றாக இருந்தும் பேச்சு மட்டும் போகும். "நடக்கிறாரே, இது எப்படி ஸ்ட்ரோக்?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"திடீர்னு வார்த்தை வரல, பேச்சு குழறுது. முதல்ல என்ன செய்யணும்?"

மணியைப் பாருங்கள். கடைசியாக அவர் நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமானால் தொடங்கிய நேரத்திலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். குழாய் விட்டு அடைப்பை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு 6 மணி நேரம், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேருவதற்குள்ளேயே எவ்வளவு நேரம் சாலையில் போகிறது என்று நமக்குத் தெரியும். உள்ளூரில் ஒரு டிரிப்ஸ் போட்டுப் பார்ப்போம் என்று நிற்காதீர்கள். ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நான் செய்த முதல் தப்பு அதுதான். பதற்றத்தில் சொம்புத் தண்ணீரை அவர் வாயில் வைத்தேன், புரையேறிவிட்டது. விழுங்கும் தசையும் அடிபட்டிருந்தால் தண்ணீரோ காபியோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். பேச்சு வரட்டும் என்று தேனில் வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் இதே ஆபத்துதான். ஆஸ்பிரினும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். சர்க்கரை குறைந்தாலும் இதே மாதிரி குழறும், அதை ஆம்புலன்ஸிலேயே பார்த்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு தானாகத் திரும்பிவிட்டாலும் போய்க் காட்டுங்கள். பெரிய அடைப்புக்கு முந்தின எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

"மூளையில பேச்சுக்குன்னு தனி இடம் இருக்குன்னு யாரு கண்டுபிடிச்சது?"

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். 20 வருடத்துக்கும் மேலாக அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஒற்றை அசைதான். எதைக் கேட்டாலும் "டான், டான்". ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான் ஆகிவிட்டது. ஆனால் சொன்னது பெரும்பாலும் புரியும், கை ஜாடையில் பதில் சொல்வார். சில நாளில் அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது பாதியின் முன்பகுதியில் சேதம் இருந்தது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவருக்கு முதல் வருடம் முழுக்க வந்த ஒரே வார்த்தை "மூட்டை". பசித்தால் மூட்டை, பேரன் வந்தால் மூட்டை, கோபம் வந்தாலும் மூட்டை. ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் குரலில் ஏற்ற இறக்கம் வேறாக இருக்கும். எங்கோ 160 வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதே கதியில் உட்கார்ந்திருந்தார் என்பதில் எனக்கு ஏதோ ஓர் ஆறுதல்.

1874-ல் 26 வயது ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இன்னொரு பகுதியைக் காட்டினார். அது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால். அங்கே அடிபட்டால் பேச்சு வரும், பொருள் போகும். இன்றைய ஸ்கேன்கள் வந்த பிறகு, மொழி இரண்டு இடங்களில் மட்டும் குடியிருக்கவில்லை, பல பகுதிகளையும் அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளையும் சேர்த்துத்தான் நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கு வந்த மாதிரி இன்னொருவருக்கு வருவதில்லை.

"எங்க மாமியார் மடமடன்னு பேசறாங்க. ஆனா ஒண்ணும் விளங்கல. புத்தி பேதலிச்சுருச்சா?"

இல்லை. வெர்னிக்கே சொன்ன வகை இதுதான். ராகம், வேகம், முகபாவம் எல்லாம் பழையபடி இருக்கும். உள்ளே வரும் சொற்கள் மட்டும் மாறிப்போகும்: தண்ணீருக்கு எண்ணெய், சாவிக்குச் "சாலி", சில சமயம் எந்த மொழியிலும் இல்லாத புதுச் சொல். தான் பேசுவது பிழையென்று அவர்களுக்கே தெரியாமல் இருப்பது இதன் கொடுமை. நாம் விழிப்பதைப் பார்த்து, நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கோபப்படுவார்கள். கை கால் நன்றாக இருப்பதால் மனநோய் என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சொல்லையும் திருத்தாதீர்கள். முகத்தையும் கையையும் பார்த்து, எதைச் சொல்ல வருகிறார்கள் என்று ஊகித்து, ஒரு பொருளை எடுத்துக் காட்டி, "இதுவாம்மா?" என்று கேளுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

"அவருக்குப் புரியுதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாததும் இதுதான். "டான்" வகையில் பேச்சைவிடப் புரிதல் நன்றாக இருக்கும். வெர்னிக்கே வகையில் புரிதலே முதலில் அடிபடும். சிலருக்கு இரண்டும் போயிருக்கும், அது மிகக் கடினமான நிலை. எந்த வகையிலும் மொழி அடிபட்டிருக்கிறது என்பதால் அறிவும் நினைவும் பாசமும் அடிபட்டன என்று ஆகாது. தட்டில் சோறு குறைவாக வைத்தால் அவருக்குத் தெரியும். மகள் முகம் வாடியிருந்தால் தெரியும்.

நாம் இரண்டு பக்கமும் ஏமாறுகிறோம். "சாப்பிட வாங்க" என்று சொல்லும்போது கையில் தட்டு இருக்கிறது, மணி ஒன்று, சாம்பார் வாசனை வருகிறது. அவர் எழுந்து வந்தால் சொல் புரிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். மறுபக்கம், நீளமாக ஏதோ சொல்லி அவர் விழித்தால் ஒன்றுமே புரியவில்லை என்று முடிவு கட்டுகிறோம். தமிழில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. "பூனை நாயைத் துரத்தியது", "பூனையை நாய் துரத்தியது": இரண்டிலும் யார் ஓடியது என்பதைச் சொல்வது ஓர் ஐ உருபு. இந்த மாதிரிச் சின்ன உருபுகளைப் பிடிப்பதில்தான் பலருக்குச் சிரமம். பூனை, நாய், துரத்தல் எல்லாம் புரியும், யார் யாரை என்பது நழுவும். முக்கியமான சேதியை ஒரு விஷயத்துக்கு ஒரு வாக்கியமாக உடைத்துச் சொல்லுங்கள். "ஆமா", "இல்ல" கூட மாறி வரும். கட்டைவிரலை உயர்த்தச் சொல்லியோ, இரண்டு பொருளைக் காட்டியோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று, "இனிமே இப்படியேதான், நீ மனசைத் தேத்திக்க" என்று என்னிடம் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பேச வரலைன்னா ஒரு சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்லலாமே?"

பெரும்பாலும் எழுத்தும் வராது. முதல் பதிலில் சொன்னேன், சிக்கல் வாய்க்கு முந்தின படியில். அங்கிருந்துதான் எழுத்துக்கும் வார்த்தை போக வேண்டும். காது கேளாதவர்கள் கையால் பேசும் சைகை மொழிகூட, மூளையின் இடது பாதி அடிபட்டால் இதே மாதிரி சிதைகிறது. எழுத்து அட்டையைவிடப் படம் உதவும். மாத்திரை, கழிவறை, விசிறி, காபி, பேரப்பிள்ளைகள் முகம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஓர் ஆல்பமாக வைத்திருக்கிறேன்.

எழுத்து தனியாக அடிபடுவதும் உண்டு. 1892-ல் பிரெஞ்சு மருத்துவர் டெஜரின் ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் எழுதுவார், ஆனால் தான் எழுதியதைத் தன்னாலேயே படிக்க முடியாது. அதனால் அப்பா தினமும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருப்பதால் படிக்கிறார் என்று நினைக்காதீர்கள். படிக்கவில்லை என்று அதைப் பிடுங்கியும் வைக்காதீர்கள். அது அவர் காலைப்பொழுது.

"'வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா'ன்னு பேசிட்டிருந்த மருமக இப்ப 'வா, சாப்பிடு'ங்கறா. திமிரா?"

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இதற்காகவே பேச்சுவார்த்தை முறிகிற அளவுக்குப் போனது. திமிர் இல்லை, இலக்கணம். "டான்" வகையில், அதாவது புரோக்கா வகையில், முதலில் உதிர்வது பெரிய சொற்கள் அல்ல, அவற்றின் வால்கள்: காலம் காட்டும் இடைநிலை, பால் காட்டும் விகுதி, மரியாதைக்குச் சேர்க்கும் "ங்க". மற்ற சில மொழிகளில் இந்த வால் உதிர்ந்தால் மழலை போலக் கேட்கும். தமிழில் வினையின் வாலை வெட்டினால் மிஞ்சுவது ஏவல். வா, போ, தா, உட்கார். சொன்னவர் மனதில் இருந்தது "வாங்கம்மா". கேட்டவர் காதில் விழுந்தது அதட்டல்.

சிலருக்கு வால் உதிராது, மாறி ஒட்டிக்கொள்ளும். "அக்கா வந்தான்", "நாளைக்குப் போனேன்" என்பார்கள். சுட்டுச் சொற்களும் புரளும். மனைவியைச் சுட்டிக்காட்டி "அவன்" என்று சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். 40 வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான். ஒரு விகுதியில் எவ்வளவு உறவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அது உதிர்ந்த வீடுகளில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மாமியாரிடம் இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லுங்கள். அந்த மன்னார்குடி அம்மாவிடம் சொன்னபோது அழுதுவிட்டார்.

"ஒரு வார்த்தை பேச வராதவரு கெட்ட வார்த்தை மட்டும் தெளிவா பேசறாரே? தேவாரம்கூட பாடறாரு. நடிக்கிறாரா?"

நடிப்பில்லை. யோசித்துக் கோத்துப் பேசும் பேச்சு வேறு, தானாக ஓடிவரும் பேச்சு வேறு என்று 19-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் பிரித்துக் காட்டினார். வசவு, சாமி பெயர், எண் வரிசை, கிழமைகள், சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாட்டு எல்லாம் இரண்டாவது வகை. பேச்சு போன ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடினார் என்று 1745-லேயே ஸ்வீடனில் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய வசவு மாமனார் வாயில் வந்தால் வீட்டுப் பெண்கள் கூசிப்போகிறார்கள். அவர் விரும்பிச் சொல்லவில்லை, அடைத்த வாய்க்காலில் கசிந்து வருவது அது.

இதைப் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறார்கள். அன்றாட வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்து, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லிப் பழக்கும் முறையை 1973-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பாட்டு வருகிறது என்பதற்காகப் பேச்சும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. பாட்டிலிருந்து படிப்படியாகப் பேச்சுக்கு இறக்க வேண்டும்.

எங்கள் வீட்டு வழி ஒன்று சொல்கிறேன். நெல் அளக்கும்போது "ஒன்று" என்று தொடங்க மாட்டார்கள், "லாபம்" என்றுதான் எண்ணுவார்கள். மரக்கால் வைத்து அளக்கும் குரலில் நான் "லாபம்" என்றதும் அவர் "ரெண்டு, மூணு, நாலு" என்று பத்து வரை ஓடினார். அதுவரை "மூட்டை" தவிர வேறு சொல் இல்லை. பிறகு எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால், லாபத்தில் தொடங்கி ஏறி, வேண்டிய எண்ணில் வந்து நிறுத்துவார். அந்த ஏணி இன்றைக்கும் இருக்கிறது.

"வீட்ல சௌராஷ்டிரம் பேசுவோம், கடையில தமிழ். எது முதல்ல திரும்பும்?"

கும்பகோணத்து நெசவுக் குடும்பங்களும், தஞ்சாவூரில் மராத்தி பேசும் குடும்பங்களும் இதைக் கேட்பார்கள். சின்ன வயதில் கற்ற மொழி முதலில் திரும்பும் என்று 1880-களில் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னார். நோய்க்கு முன்னால் அதிகம் புழங்கிய மொழிதான் திரும்பும் என்று 1895-ல் பித்ர் சொன்னார். இரண்டுக்கும் உதாரணம் உண்டு, இரண்டுக்கும் விலக்கும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மொழியும் சேர்ந்தே அடிபட்டு, சேர்ந்தே ஏறக்குறைய ஒரே அளவில் திரும்புகின்றன.

எந்த மொழியில் வார்த்தை வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். "தமிழ்ல சொல்லுங்க" என்று தடுக்காதீர்கள். பயிற்சியாளருக்கு வீட்டு மொழி தெரியாவிட்டால், 50 வீட்டுச் சொற்களை அந்த மொழியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

"திருக்கோலக்கா போனா பேச்சு வருமாமே? புறா ரத்தம் தடவலாமா?"

சீர்காழி பக்கத்துத் திருக்கோலக்காவில் அம்மனுக்கே ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். ஞானசம்பந்தருக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஒலி கொடுத்தவள் என்பது ஐதிகம். நானும் அவரைக் கூட்டிப்போனேன். கூத்தனூர் சரஸ்வதியிடமும் போனேன். மணி அடிக்கும்போது அவர் முகம் தெளிந்தது, வீட்டை விட்டு வெளியே வந்ததே அவருக்கு நல்லதாக இருந்தது. போய் வாருங்கள். பிரஷர் மாத்திரையையும் பயிற்சியையும் மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள். புறா ரத்தம் வேண்டாம். மூளைக்குள் அடைத்த குழாய்க்கும் தோலில் தடவும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, அந்த நாட்களும் பணமும் வீணாகப் போகும்.

"ஆறு மாசம் தாண்டிட்டா இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க."

முதல் 3 மாதத்தில்தான் வேகமாகத் திரும்பும், 6 மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும். இது உண்மை. ஆனால் வேகம் குறைவது வேறு, நின்றுபோவது வேறு. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து 6 மாதம் தாண்டியவர்களையே எடுத்துக்கொண்டு, வாரம் குறைந்தது 10 மணி நேரம், 3 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாடப் பேச்சு முன்னேறியது என்று 2017-ல் வெளியிட்டார்கள். முழுசாகப் பழையபடி ஆகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. எங்கள் வீட்டில் "வெந்நீர்" வந்தது மூன்றாம் வருடம்.

"பயிற்சிக்கு எங்க போறது? தினமும் பஸ் ஏற முடியலையே."

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், பேச்சுப் பயிற்சியாளர் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. வருகிறவரிடம் பேச்சுச் சிக்கலையும் சொல்லி வையுங்கள். ஒருமுறை நேரில் காட்டிவிட்டு, பிறகு வீடியோ அழைப்பில் தொடரும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். நிரந்தரமாகிவிட்டால், 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவால் வரும் பேச்சுக் குறைபாட்டையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்று சான்று வேண்டும்.

வீட்டில் தினமும் இரண்டு வேளை, அரை மணி நேரம் போதும். கண்ணுக்கு எதிரே இருக்கும் பொருள்களை எடுங்கள். பெயர் வரவில்லையென்றால் முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள்: "வெத்…" என்று நிறுத்தினால் "வெத்தலை" வந்து விழும். அதுவும் வரவில்லையென்றால் அதைப் பற்றிப் பேசுங்கள், எங்கே வளரும், எதோடு போடுவோம், யாருக்குப் பிடிக்கும். பத்து நொடியாவது காத்திருங்கள். பத்து நொடி எவ்வளவு நீளம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

"இடது பக்கம் விழுந்தவங்க நல்லா பேசறாங்களே, ஆனா பேச்சு ஒரு மாதிரி ஒட்டாம இருக்கே?"

வலது மூளைக்கும் மொழியில் பங்கு உண்டு. குரலின் ஏற்ற இறக்கம், கேலி, பழமொழி, பேச்சின் சூழல் எல்லாம் அங்கே அதிகம் நடக்கிறது. "அவன் கை நீளம்" என்றால் கையைப் பார்ப்பார்கள். இழவு வீட்டில் சிரித்த பேச்சு பேசுவார்கள். சொல்லும் வாக்கியமும் சரியாக இருப்பதால் யாரும் இதை நோயின் பகுதியென்று நினைப்பதில்லை, குணம் மாறிவிட்டது என்கிறார்கள்.

"பக்கவாதமே வரல. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வார்த்தை மறக்குது. இதுவும் அதுதானா?"

பக்கவாதம் ஒரு நொடியில் அடித்து, பிறகு மெல்ல ஏறும். நீங்கள் சொல்வது மெல்ல இறங்குகிறது. நினைவு நன்றாக இருக்கும்போதே மொழி மட்டும் முதலில் கரையும் நோய் ஒன்று உண்டு. 1982-ல் மெசுலம் என்ற மருத்துவர் அதைத் தனியாக அடையாளம் காட்டினார். மூளை செல்கள் மெதுவாக அழிவதால் வருவது அது, மறதி நோய்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. வயசாச்சு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். குரல் இருக்கும்போதே அவர் பேச்சைப் போனில் பதிந்து வையுங்கள்.

"நிலம் அவர் பேர்ல இருக்கு. பேச வராதவரு கையெழுத்துப் போட்டா செல்லுமா?"

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் கேட்பது, ஒருவர் தான் செய்வதைப் புரிந்துகொண்டு தன் நலனை எண்ணி முடிவெடுக்க முடிகிறதா என்பதைத்தான். வாய் பேச வேண்டும் என்று அது சொல்லவில்லை. வலது கை வராதவர் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கலாம். ஆனால் புரிதலும் அடிபட்டவராக இருந்தால் அது வேறு விஷயம். அதனால் முதலில் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள், வக்கீலிடம் கேளுங்கள். எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், தூங்கும்போது ரேகை உருட்டிய கதைகளைக் கேட்டிருக்கிறேன். புரிதலைப் பற்றிய கேள்வியில் சொன்ன மாதிரி, ஒரு விஷயத்துக்கு ஒரு வாக்கியமாக, வரைபடம் காட்டி, இரண்டு நாள் இடைவெளியில் திரும்பக் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் அது அவர் விருப்பம்.

"சும்மா சும்மா அழறாரு, தட்டை வீசறாரு."

காரணம் இல்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்குவது மூளைச் சேதத்தாலேயே வரலாம். காரணத்தோடு வரும் அழுகையும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மனச்சோர்வு வருகிறது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவரும் வாரத்துக்கு ஒரு சாயங்காலமாவது வெளியே போய் வர வேண்டும். அதை நான் நாலு வருடம் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

"வார்த்தையே இல்லாம மனுஷன் எப்படி நினைப்பான்?"

இதைக் கேட்டது என் பேரன், வயது 12. மொழி கடுமையாக அடிபட்டவர்கள் கணக்குப் போட்டதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். வாக்கியத்தில் யார் யாரை என்று பிரிக்க முடியாத மூன்று பேர், கழித்தலில் எந்த எண்ணிலிருந்து எதை எடுப்பது என்பதைச் சரியாகச் செய்தார்கள் என்று 2005-ல் இங்கிலாந்தில் எழுதினார்கள். எல்லோருக்கும் அப்படியில்லை, பலருக்கு எண்ணும் சேர்ந்து போகிறது. ஸ்வீடன் கவிஞர் தூமாஸ் திரான்ஸ்திரோமருக்கு 1990-ல் பக்கவாதம் வந்து பேச்சு போனது. அவர் இடது கையால் மட்டும் பியானோ வாசித்தார், கவிதையும் வெளியிட்டார், 2011-ல் நோபல் பரிசு வாங்கினார்.

பேரனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "தாத்தாவோட ஆடுபுலி ஆடிப் பாரு" என்றேன். மூன்று ஆட்டத்தில் ஒன்றுகூட அவன் ஜெயிக்கவில்லை.

"பார்க்க வரணும்னு இருக்கு. ஆனா வந்து என்ன பேசறதுன்னு தெரியல."

பரீட்சை வைக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் "நான் யாரு சொல்லுங்க?" என்று ஆரம்பிக்கிறார்கள். அவருக்கு நீங்கள் யார் என்று தெரியும், பெயர்தான் வராது. அந்த நிமிடத்தில் அவர் படும் அவமானத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "நான் இன்னார் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு, அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். சத்தம் போட வேண்டாம், காது நன்றாகக் கேட்கிறது. ஊர் சேதி சொல்லுங்கள். மேட்டூர் திறந்தாச்சா, கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வரும், யார் குறுவை போட்டார்கள், யார் வயலைச் சும்மா விட்டார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

ஆலைக்கு நெல் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பிவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து இவர் இடது கையில் வைப்பார். போன வாரம் இவர் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். வந்தவர் அவசரப்படவில்லை. பிறகு இவர் தலையை ஆட்டி, "ஈரம்" என்றார்.